லீவு போடாத தனுஷ்கோடி

எங்கள் மில் தொழிலாளர் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்காக, கூட வேலை பார்த்தவர்களில் மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அப்படி நாலைந்து பேர் இருக்கலாம். எனக்கு ஒருத்தன்தான். பத்தொன்பது வருஷமாக அவனை மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. கண்ணை மூடினால் டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைகிறான்.

மில்லில் அவன் பெயர் தனுஷ்கோடி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வாய் அவனை 'அண்ணே' என்று கூப்பிடும். மனசு 'அவன்' என்றுதான் சொல்லும். இங்கே மனசு சொல்கிறபடியே எழுதுகிறேன்.

நான் 1980-ல் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலியாகச் சேர்ந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பதிலி என்றால் என்னவென்று தெரியாது. நிரந்தரத் தொழிலாளி ஒருவன் வேலைக்கு வரவில்லை என்றால், அன்றைக்கு மட்டும் அவன் இடத்தில் நிற்பவன் பதிலி. சங்கு ஊதுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட வேண்டும். உள்ளே ஆள் குறைந்தால் டைம் ஆபீஸ்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குறையாவிட்டால் ஜன்னல் வழியாகக் கையை விரித்து 'லேது' என்பார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ராஜபாளையத்தில் இத்தனை வருஷம் இருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட தெலுங்கு அந்த ஒரு வார்த்தைதான்.

ஆகவே அடுத்தவன் வீட்டு விசேஷம்தான் பதிலிக்குப் பஞ்சாங்கம். யார் வீட்டில் காதுகுத்து, யார் மச்சினிக்குச் சடங்கு, யாருடைய மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் பகுதியில் ஞானதுரை என்று ஒருவர் இருந்தார். கோயிலுக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவர். அவர் புண்ணியத்தில் பெரிய வெள்ளிக்கிழமை என்றைக்கு வருகிறது என்று பாதிரியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எவன் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எனக்கு ஒரு நாள் சோறு.

ஆடிப்பூரம் எங்களுக்குப் பெருநாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுகிற அன்றைக்கு மில்லில் பாதிப்பேர் லீவு. பதிலிகள் அத்தனை பேருக்கும் வேலை உண்டு. என் ஊரே ஸ்ரீவில்லிபுத்தூர்தான். வெளியூர்க்காரன் எல்லாம் என் ஊருக்கு வடம் பிடிக்க வருவான். நான் அவனுக்குப் பதிலாக நிற்க எதிர்த்திசையில் பஸ் ஏறுவேன். பிறந்த ஊர்த் தேரை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

ஆடிப்பூரத்துக்கும் லீவு போடாதவன் ஒருத்தன் இருந்தான் என்றால் அது தனுஷ்கோடி.

அவன் 1978-லேயே நிரந்தரமாகச் சேர்ந்தவன். நான் கற்றுக்கொண்டதும் அவன் பார்த்த நூற்புப் பகுதி வேலைதான். அவன் ஒரு நாள் வராமல் இருந்தால் அவன் பார்க்கிற நூற்பு மெஷின், அந்த ஃபிரேம், எனக்கு. ஆனால் அவன் வருவான். தங்கச்சி கல்யாணத்தன்றைக்குக் காலையில் முகூர்த்தம், மத்தியான ஷிப்டுக்கு நெற்றியில் சந்தனத்தோடு வந்து நின்றான். காய்ச்சலில் கண் சிவந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். நான் கேட்டில் நின்றபடி, 'இன்றைக்குப் பாதியில் விழுந்துவிடுவான்' என்று காத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி நேரமும் நின்று அறுந்த இழைகளை ஒட்டிவிட்டுத் தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தான் பாவி. வந்தவன் என்னைப் பார்த்து, "என்ன முத்துவீரா, இன்னைக்கும் கெடைக்கலியா?" என்று கேட்டான். உன்னால்தானடா கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. "இல்லண்ணே" என்றேன்.

நிரந்தரம் என்றால் அப்போது சும்மாவா? தீபாவளிக்குப் போனஸ், உடம்புக்கு முடியாவிட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, கடைத்தெருவில் 'மில்லுக்காரர்' என்று மரியாதை. பெண் கொடுக்க வருகிறவன் முதலில் "நிரந்தரமா, பதிலியா?" என்றுதான் கேட்பான். எனக்குப் பெண் கொடுத்த மாமனார் அதைக் கேட்க மறந்துவிட்டார். அந்தக் குறையை என் மனைவி பரிபூரணம் இன்றைக்கு வரைக்கும் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்த அண்ணனப் பாருங்க, ஒரு நாளு மொடங்குதாரா? நீங்களுந்தான் இருக்கீங்களே" என்பாள்.

அவன் முடங்காததால்தான் நான் முடங்கிக் கிடக்கிறேன் என்பதை இவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது? அவன் பேரை அவள் சொல்லும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்டது மாதிரி இருக்கும். எனக்கு அவன் மேல் பொறாமை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவன் பந்தியைப் பார்க்கத்தான் செய்வான்.

1987 கார்த்திகை மாதம். செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் டீக்கடையில் சொன்னார்: "ஒங்க மில்லுக்கு வாராரே, நெட்டையா, செவப்பா, எங்க தெருக்காரரு. அவரு அண்ணன் விடியக்காலம் தவறிட்டாரு. ரொம்ப நாளா நெஞ்சுச் சீக்கு."

அவர் சொன்னது தனுஷ்கோடியைத்தான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன்? கூடப்பிறந்தவன் சாவுக்கு எவனும் குறைந்தது மூன்று நாள் வரமாட்டான். மூன்று நாள் அந்த ஃபிரேம் எனக்கு. இருந்தாலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று வாடகைச் சைக்கிள் எடுத்து மிதித்துச் செட்டியார்பட்டிக்குப் போனேன். சாவு வீட்டை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வது பதிலிகளின் வழக்கம்.

தெரு முனையிலேயே ஒப்பாரி கேட்டது. "என்னப் பெத்த தனுஷ்கோடி, என்ன விட்டுப் போயிட்டியே" என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். செத்தவன் தனுஷ்கோடியா? அப்படியானால் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுகிறவன் யார்? அவனைத்தானே மில்லில் தனுஷ்கோடி என்கிறோம்? அப்போது யாரோ ஒரு பெரியவர், "ஏலே சமுத்திரம், அழுதது போதும், ஆக வேண்டியதப் பாரு" என்று அவன் தோளைத் தொட்டார். அவன் எழுந்தான்.

பக்கத்தில் நின்றவரிடம் மெல்ல விசாரித்தேன். பெற்றவர்கள் ராமேஸ்வரத்துக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகளாம். மூத்தவனுக்குத் தனுஷ்கோடி, இளையவனுக்குச் சமுத்திரம். எட்டாவது பாஸ் செய்தவன் மூத்தவன். அவன் சர்டிபிகேட்டுக்குத்தான் மில்லில் வேலை போட்டார்கள். சேரச் சொன்ன வாரத்தில் அவன் ரத்தமாக இருமிப் படுத்துவிட்டான். வந்த வேலையை விட மனசில்லாமல், அண்ணன் பேரில் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். "ஒம்பது வருசமா அண்ணன் குடும்பத்துக்கும் சேத்து இவந்தான் கஞ்சி ஊத்துதான். நல்ல பய" என்றார் அவர். நல்ல பயலாம். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது.

சரி, எப்படியும் இன்றைக்கு வரமாட்டான் என்று மூன்று மணிக்கு மில் கேட்டில் போய் நின்றேன். மூன்றேகாலுக்கு அவன் வந்தான். தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறான். யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். டைம் ஆபீஸ் ஜன்னலில் கை விரிந்தது. லேது.

அன்றைக்குத்தான் அவன் ஏன் லீவு போடுவதில்லை என்று புரிந்தது. கல்யாணம், சாவு என்று லீவு எழுதிக் கொடுத்தால் கூட வேலை பார்க்கிறவர்கள் மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் எல்லாரும் அவனைச் சமுத்திரம் என்று கூப்பிடுவார்கள். குட்டு உடைந்துவிடும். புரிந்ததும் எனக்குப் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வேறொருத்தன் பேரில் வந்தவன் உள்ளே நிற்கிறான், சொந்தப் பேரில் வந்த நான் வெளியே நிற்கிறேன் என்றுதான் தோன்றியது.

அந்த விஷயத்தை இரண்டு வருஷம் மடியில் கட்டி வைத்திருந்தேன். 1989-ல் பதிலிப் பட்டியலில் என் பெயர் முதலாவதாக வந்தது. மேஸ்திரி சங்கரலிங்கம் என்னைக் கூப்பிட்டு, "ஒரு எடம் விழுந்தா ஒனக்குத்தான்லே" என்றார். இடம் விழ வேண்டுமே? எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். ஒருவனும் சாகவில்லை, ஒருவனும் ரிட்டயர் ஆகவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் போனஸ் போட்ட மறுநாள் அவன் கேட்டில் என்னைத் தேடி வந்தான். கையில் மந்தாரை இலையில் கட்டிய பொட்டலம்.

"ஒங்க ஊருக்குத்தான் போயிருந்தேன். பால்கோவா. ஒம் பிள்ளைக்குக் குடு" என்றான்.

என் ஊர்ப் பால்கோவா. தினமும் அந்த அடுப்பு வாசனையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்கிறேன். ஒரு தடவைகூட என் மகளுக்கு நூறு கிராம் வாங்கிக் கொடுத்ததில்லை. அதை இவன் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்து எனக்குக் கொடுக்கிறான். அப்போது என் மகள் சண்முகத்தாய்க்கு எட்டு வயசு. இலையை நக்கித் தீர்த்துவிட்டு, "யாருப்பா குடுத்தா? அவிய ரொம்ப நல்லவியளா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். இடது கையால் நாலே வரி எழுதினேன். தனுஷ்கோடி என்கிறவன் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவன் பேரில் வேலை பார்ப்பவன் தம்பி சமுத்திரம், செட்டியார்பட்டியில் விசாரித்தால் தெரியும், இப்படிக்கு உண்மை விளம்பி. உள்ளூர் முத்திரை விழக்கூடாது என்று வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறிப் போய் அங்கே பெட்டியில் போட்டேன். திரும்பி வந்தால் கேட்டில் நின்ற பையன்கள் சொல்கிறார்கள், அன்றைக்கு எனக்கு வேலை இருந்ததாம். டைம் ஆபீஸ்காரர் "முத்துவீரன், முத்துவீரன்" என்று மூன்று தடவை கூப்பிட்டாராம். ஆளைக் காணோம் என்று அடுத்தவனை அனுப்பினார்களாம்.

பத்து நாளில் விசாரணை வைத்தார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை என்று மேஸ்திரி சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமா என்றானாம். சாயந்தரம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டை விட்டு வெளியே வந்தவன் நேராக என்னிடம்தான் வந்தான். கண்டுபிடித்துவிட்டானோ?

"முத்துவீரா, நாளைக்கு வெள்ளனே வந்துரு. லிஸ்டுல நீதான மொத ஆளு? எம் ஃபிரேமு ஒனக்குத்தான். மூணாவது கதிருல இழை அடிக்கடி அறும், பாத்துக்கோ" என்றான். பிறகு டிபன் கேரியரை ஆட்டாமல் நடந்து போனான்.

மறுநாள் குளித்து, திருநீறு பூசி, ஆறு மணிக்கே கேட்டில் நின்றேன். சங்கு ஊதியது. என் பெயரைக் கூப்பிடவில்லை. மேஸ்திரி வெளியே வந்து, "அந்த எடத்த எடுத்துட்டாங்கலே. பக்கத்து ஆளுகளே அந்த ஃபிரேமையும் சேத்துப் பாக்கணுமாம். இனிமே இப்படித்தான்" என்றார். ஜன்னலைப் பார்த்தேன். டைம் ஆபீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் லேது என்றுகூடச் சொல்லவில்லை.

அவனைத் தள்ளினால் அவன் நின்ற இடம் எனக்கு வரும் என்று நினைத்தேன். அவனோடு இடமும் போய்விட்டது. இந்தப் புத்தி முன்னாலேயே இருந்திருந்தால் நான் ஏன் பதிலியாக இருக்கிறேன்?

அதற்குப் பிறகு காலம் மாறிப்போனது. புது மெஷின்கள் வந்தன. பத்துப் பேர் பார்த்த வேலைக்கு நாலு பேர் போதும் என்றார்கள். ரிட்டயர் ஆனவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஊருக்கு வெளியே புதுசு புதுசாக மில்கள் எழும்பின. அங்கே நிரந்தரமும் கிடையாது, பதிலியும் கிடையாது. கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் என்று பேசி எடுத்தார்கள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயந்தரம் கொண்டுவந்து விடும். மூன்று வருஷம் முடிந்தால் கையில் ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த பிள்ளை வரும். 1995-ல் எங்கள் மில்லில் பதிலிப் பட்டியலையே கிழித்துவிட்டார்கள். பதினைந்து வருஷம் கேட்டில் நின்ற நான் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டக் கூலிக்குப் போனேன்.

அந்த வேன்களில் ஒன்று தினமும் என் தெரு வழியாகப் போகும். முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில், முழ நீளத்தில், 'சமுத்திரம்' என்று எழுதியிருக்கும்.

ஆமாம், அவனேதான். வேலை போனதும் நாலு வருஷம் கொத்து வேலை, கிணற்று வேலை என்று அலைந்திருக்கிறான். பிறகு ஒரு புது மில்லில், கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர நம்பிக்கையான ஆள் கேட்டிருக்கிறார்கள். கான்சாபுரம், பிளவக்கல் பக்கமெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறான். வயசுப் பிள்ளையை யாரை நம்பி அனுப்புவது? 'பதினோரு வருசம் லீவே போடாத மனுஷன்' என்று அவனை நம்பி அனுப்பினார்களாம். அவன் லீவு போடாததால்தான் என் வயிறு எரிந்தது, அதுவே அவனுக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. நான் கடுதாசி போட்டிராவிட்டால் அவன் இன்னும் அந்த மில்லிலேயே அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பான். அவனை வேன் முதலாளி ஆக்கினவன் நான். அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது. அந்த வேன் தெருவைத் தாண்டும் வரை நான் வீட்டுக்குள்ளேயே இருப்பேன்.

போன வருஷம் சண்முகத்தாய்க்குப் பதினேழு முடிந்தது. "அந்த வேன்லதான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் மாட்டேன் என்றேன். பரிபூரணம், "நீங்க பாத்த வேலைய ஊரே பாத்துச்சு, அவளாவது கேட்டுக்கு உள்ள போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டான்.

"என்னலே, மில்லுல ஒன்னய வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள நல்லா இருந்தேன்னு நெனைக்கியா?" என்று சிரித்தான். "நான் ஒன்னப் பாத்து எம்புட்டு வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

"என்னயவா?"

"ஆமா. கேட்டுல 'முத்துவீரன்'னு கூப்பிடுவாங்க. நீ 'இந்தா வாரேன்'னு ஓடியாருவ. ஒங்க ஐயா ஆத்தா வச்ச பேரு. வாரத்துல ரெண்டு நாளா இருந்தாலும் ஒம் பேருக்கு வேல பாத்த. எனக்குப் பதினோரு வருசமும் அண்ணன் பேரு. அவன் இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. செத்த பொறவு மேஸ்திரி 'தனுஷ்கோடி'ன்னு கூப்பிட்டா, பின்னால அவன் நிக்கானோன்னு திரும்பிப் பாப்பேன். அப்பல்லாம் நெனைப்பேன், கேட்டுக்கு வெளிய நின்னாலும் முத்துவீரனா நிக்கலாமேன்னு."

விஷயம் அறியாத பரிபூரணம்தான் கேட்டாள்: "அந்த மொட்டக் கடுதாசி போட்ட நாசமாப் போறவன் யாருன்னு தெரிஞ்சுச்சாண்ணே?"

"தெரியல தாயி. மொதல்ல ஆளு கெடைச்சா வெட்டணும்னு இருந்துச்சு. பொறவு யோசிச்சேன். நானாவது அடுத்தவன் பேரச் சொல்லிட்டு இருந்தேன். அவனுக்குத் தன் பேரப் போடவும் முடியாமப் போச்சு. என் பாட்ட விட அவன் பாடு மோசம்." அவன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஃபாரத்தை என் முன்னால் விரித்தான். "இங்க அப்பா பேரு. இங்க கையெழுத்து."

போட்டேன். வலது கையால்தான் போட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

சண்முகத்தாய் ஒரு வருஷமாக அந்த வேனில் போய்வருகிறாள். இதை எழுதப்போகிறேன் என்று சொல்லி, நடந்தது அத்தனையையும் பரிபூரணத்திடம் சொன்னேன். "பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அவ வேலையவும் கெடுக்கப் போறீங்களா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். இதைப் படித்த பிறகும் என் மகளை வேனில் ஏற்றிக்கொள்ள அவன் என்ன மகானா?

ஆனால் ஒன்று. அவன் என் வீட்டிலேயே உட்கார்ந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே, 'ஒன்னப் பாத்து வயிறு எரிஞ்சேன்' என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பத்தொன்பது வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறேன், ஒரு நாளாவது அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வந்ததா? அதிலும் அவன் எனக்கு முந்திக்கொண்டான். மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை வேனில் அவன் கையில் நானே கொடுப்பேன். சண்முகத்தாயும் பக்கத்தில் நிற்பாள். படிக்கட்டும். இந்தத் தடவை கீழே பேர் இருக்கிறது.

இப்படிக்கு,
முத்துவீரன்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.